தோல் பாக்கிற கிளினிக்குக்கு பொலரைஸ் லைற்: எதை வாங்கிறது, எதை விடுறது

முடிவை முதல்லயே சொல்லிடுறன். யாழ்ப்பாணத்தில சின்னதா ஒரு கிளினிக் வச்சு, காய்ச்சல் தடிமனோட தோல் வருத்தக்காரரையும் பாக்கிற டொக்டர் எண்டா, பட்டன் அமத்தினா பொலரைஸ் லைற்றுக்கும் சாதாரண லைற்றுக்கும் மாறுற கைப்பிடி டெர்மட்டோஸ்கோப், அதாவது தோலைப் பெருப்பிச்சுக் காட்டுற கருவி ஒண்டு வாங்குங்கோ. அதோட வெளிச்சத்தை ஒரு திசையில மட்டும் அதிர விடுற பொலரைசர் சீட்டை போனுக்கு வெட்டி ஒட்டி படம் எடுக்கிற ஏற்பாடு ஒண்டும் செய்து வையுங்கோ. மற்றதுகளைப் பிறகு பாக்கலாம், சிலதைப் பாக்கவே தேவையில்ல. ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்குத்தான் மிச்சம் எழுதுறன், ஏனெண்டா கொம்பனிக்காரர் வந்து ஆளுக்கொரு கதை சொல்லிப்போட்டுப் போகினம், கேட்டுக்கொண்டு இருக்கிற டொக்டருக்கு தலை சுத்துது.

விசயம் விளங்கினாத்தான் சாமான் தெரியலாம். தோலில விழுற வெளிச்சத்தில நூற்றுக்கு நாலு அஞ்சு பங்கு மேல்தோலில பட்ட உடனயே தெறிச்சு வந்திடும், படத்தில வாற மினுக்கம் அதுதான். மிச்சம் உள்ள போய் கொலாஜன் நாருகளுக்க அங்க இஞ்ச எண்டு சிதறி, நிறம் குடுக்கிற மெலனினும் ரத்தமும் பிடிச்சுக்கொண்டது போக கொஞ்சம் வெளிய வரும். எங்களுக்கு வேண்டிய சேதி கனக்க இந்த ரெண்டாவதிலதான் கிடக்கு. நல்ல வெயிலுக்க கேணிக்கு மேல நிண்டு பாத்தா தண்ணியில வானம்தான் தெரியும், அடியில கிடக்கிற பாசி தெரியாது, அதே கதைதான் தோலிலயும். லைற்றுக்கு முன்னால ஒரு பொலரைசர் போட்டு வெளிச்சத்தை ஒரே திசையில அதிர விட்டா, மேல பட்டுத் தெறிக்கிறது அதே திசையிலதான் திரும்பி வரும், உள்ள போய் அலைஞ்சிட்டு வாறது திசை குழம்பித்தான் வரும். அப்ப கமராவுக்கு முன்னால குறுக்கா இன்னொரு பொலரைசரைப் பிடிச்சா மினுக்கம் மட்டும் அடைபட்டுப் போகும், உள்ளுக்கால வந்ததில ஒரு பாதி தாண்டி வரும். குறுக்கா இல்லாம ரெண்டையும் ஒரே திசையில வச்சா எதிர்மாறு, மேல இருக்கிற சுருக்கம், செதில், தடிப்பு எல்லாம் துலக்கமா நிக்கும். ரொக்ஸ் அண்டர்சன் எண்ட அமெரிக்க டொக்டர் 1991இலயே இதைத் தோல் மருத்துவச் சஞ்சிகையில எழுதிவச்சிட்டார், புதுசா ஆரும் கண்டுபிடிச்ச வித்தை இல்ல.

வெள்ளைத் தோலை வச்சு எழுதின புத்தகங்களில அழுத்திச் சொல்லாத ஒரு விசயம் இருக்கு. மேல பட்டுத் தெறிக்கிற அந்த நாலு அஞ்சு பங்கு தோல் கறுப்பெண்டாலும் வெள்ளையெண்டாலும் ஏறத்தாழ ஒண்டுதான், மெலனின் இருக்கிறது அதுக்குக் கீழ. ஆனா உள்ள போய்த் திரும்பி வாற பங்கு எங்கட தோலில நல்லாக் குறைவு. அப்ப எங்கட ஆக்களின்ர தோலைச் சும்மா லைற்றில படம் எடுத்தா அதில மினுக்கத்தின்ர பங்கு கூட, உள் சேதியின்ர பங்கு குறைய. அதால குறுக்குப் பொலரைஸால எங்களுக்கு வாற லாபம் அவையளுக்கு வாறதை விடக் கூட எண்டுதான் நான் சொல்லுவன். நட்டமும் இருக்கு, ரெண்டு பொலரைசரும் சேந்து வெளிச்சத்தில முக்கால்வாசிக்கு மேல தின்டிடும், தோலும் கொஞ்சமாத்தான் திருப்பித் தருது எண்டால் லைற் பலமா இருக்கவேணும். லைற் மங்கின மலிவுச் சாமான் ஐரோப்பாவில ஒருமாதிரிச் சமாளிக்கும், இஞ்ச சமாளிக்காது.

இனி டெர்மட்டோஸ்கோப். பத்து மடங்கு பெருப்பிச்சுக் காட்டுற லென்ஸும் சுத்திவர எல்ஈடியும், அவ்வளவுதான். பழைய வகையில பொலரைசர் இல்ல, கண்ணாடியைத் தோலில முட்ட வச்சு இடையில அல்கஹோலோ எண்ணெயோ அல்ட்ராசவுண்ட் ஜெல்லோ பூசவேணும், மினுக்கத்தை அந்தத் திரவம் போக்காட்டும். பொலரைஸ் வகை 2000க்குப் பிறகுதான் கையடக்கமாப் பரவலா வந்தது, அதுக்கு திரவமும் வேண்டாம், முட்டவும் தேவையில்ல. சொறி சிரங்கோட வாற பிள்ளையளை, நீர் வடியிற புண்ணை எல்லாம் முட்டாமப் பாக்கலாம் எண்டது எங்களுக்குப் பெரிய விசயம், ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் இடையில அல்கஹோல் போட்டுத் துடைக்கிற வேலையும் குறையும். சொறிக்கிருமி தோலுக்க தோண்டிக்கொண்டு போற பாதையின்ர நுனியில ஒரு சின்னக் கபில முக்கோணம் தெரியும், அதைக் கண்டா தாய்க்கும் காட்டலாம், பிறகு மருந்தை வீட்டில எல்லாரும் பூசவேணும் எண்டு தொண்டை கிழியக் கத்தத் தேவையில்ல.

அப்ப பொலரைஸ் மட்டும் இருக்கிறதை வாங்கினாக் காணும்தானே எண்டு கேப்பியள். கொம்பனிக்காரரும் அப்பிடித்தான் சொல்லுவினம். எனக்கு அது பிடிக்காது, காரணம் எங்கட கிளினிக்குக்கு ஆர் வருகினம் எண்டதுதான். மெலனோமா எண்ட கறுப்புத் தோல் புற்று எங்கட ஆக்களில அரிது. நாள் முழுக்க வாறது, வயசுபோன ஆக்கள் முதுகிலயும் கன்னத்திலயும் கறுப்பா ஒட்டி வச்ச மாதிரி வந்து நிக்கிற தடிப்போட, கொழும்பில இருக்கிற மகனோ கனடாவில இருக்கிற மகளோ வீடியோ கோலில பாத்துப் பயந்து அனுப்பிவிட்டு வாறது. செபோரிக் கெராட்டோசிஸ் எண்டு சொல்லுறது, கெடுதல் இல்லாத சாமான். அதை உறுதிப்படுத்துற ஒரு நல்ல அடையாளம், தடிப்புக்குள்ள வெள்ளைப் பொட்டுப் பொட்டாத் தெரியிற கெரட்டின் எண்ட தோல் புரதக் கட்டிகள், அது சாதாரண லைற்றிலதான் பளிச்செண்டு தெரியும், பொலரைஸில மங்கிப்போகும், சில நேரம் காணாமலே போயிடும். மாறி மாறி அமத்தினா அந்தப் பொட்டுகள் பத்தி நூரும். ஒரு நாள் பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த ஆச்சி ஒராள், "தம்பி, உது புற்றோ? மறைக்காமச் சொல்லு ராசா" எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஸ்கோப்பில போனைக் கொழுவி ஸ்கிறீனை அவவின்ர பக்கம் திருப்பிப் பட்டனை ரெண்டு தரம் அமத்தி, "இஞ்ச பாருங்கோ ஆச்சி, இந்த வெள்ளைப் பொட்டு பத்தி நூருது, இது வயசோட வாறது, புற்று பெரும்பாலும் இப்பிடி வாறேல்ல" எண்டு சொன்னன். அவ உடன கேட்டது, "அப்ப வெட்டத் தேவையில்லையோ, ஐஞ்சாறு வருசமாச் சட்டையில கொழுவி இழுக்குது." அதுக்கு வேற பதில். ஆனா பயம் போட்டுது. பொலரைஸ் மட்டும் இருக்கிற ஸ்கோப்பில இந்த வேலை நடக்காது.

மறுபக்கம், சாதாரண லைற் மட்டும் இருக்கிறதை வாங்கினா என்ன விடுபடும் எண்டு பாத்தா அதுவும் சின்ன விசயம் இல்ல. ரத்தக்குழாய்கள் பொலரைஸில வடிவாத் தெரியும், அதுவும் முட்டாமப் பாக்கேக்க, ஏனெண்டா கண்ணாடியை வச்சு அமத்தினா மெல்லிய குழாயில ரத்தம் ஓடாம வெளிறிப்போகும். பேசல் செல் எண்ட தோல் புற்றில குழாய்களின்ர வடிவம் பாத்துத்தான் பாதி முடிவு எடுக்கிறது. வெள்ளையா மினுங்குற குறுக்குக் கோடுகள் பொலரைஸிலதான் தெரியும், அது கொலாஜன் நார் வெளிச்சத்தின்ர அதிர்வுத் திசையைத் திருப்பிறதால வாறது. இதில ஒரு வேடிக்கை இருக்கு, ஸ்கோப்பை அப்பிடியே முட்டாமப் பிடிச்சுக்கொண்டு மெல்லச் சுத்தினா அந்தக் கோடுகள் ஒரு கோணத்தில எரிஞ்சு இன்னொரு கோணத்தில மங்கும். கோடு உண்மையானதோ, இல்லாட்டி மேல ஒட்டின பவுடரோ எண்டு சந்தேகம் வந்தா சுத்திப்பாருங்கோ, பவுடர் அப்பிடி மாறாது. எங்கட ஆக்களின்ர நெத்தியில விபூதி, கழுத்தில குட்டிக்கூரா பவுடர், முட்டுக்காலில சித்தாலேப தைலம், எல்லாத்தையும் முதல்ல துடைச்சுப்போட்டுத்தான் பாக்கவேணும் எண்டது தனிக்கதை.

பாதத்தைப் பற்றி கட்டாயம் சொல்லவேணும். மெலனோமா அரிது எண்டு சொன்னன், ஆனா கறுத்த தோல்காரரில வந்தா கனதரம் உள்ளங்காலில, உள்ளங்கையில, நகத்துக்கடியிலதான் வரும், பொப் மார்லிக்கு கால்விரல் நகத்தடியில வந்து 1981இல செத்தது இந்த வகைதான். பாதத்தில தோல் வரி வரியா இருக்கு, வரம்பும் வாய்க்காலுமா. நிறம் வாய்க்காலில நிண்டா பெரும்பாலும் கெடுதல் இல்ல, வரம்பில நிண்டாத்தான் யோசிக்கவேணும். எது வரம்பு எண்டு மாறாட்டம் வந்தா வேர்வைத் துவாரங்களைப் பாருங்கோ, சின்ன வெள்ளைப் புள்ளி வரிசையாத் தெரியும், அது வரம்பில மட்டும்தான் இருக்கும். எங்கட செம்பாட்டு மண்ணில வெறுங்காலோட தோட்டம் செய்யிற ஆக்களுக்கு வாய்க்கால் எல்லாம் செங்கபில நிறமா நிரம்பிக் கிடக்கும், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கத்தால வாற காலைப் பாத்தாலே தெரியும். அல்கஹோல் பஞ்சால நல்லாத் தேச்சுப்போட்டு, பிறகு ஜெல் பூசி, ரெண்டு லைற்றிலயும் பாருங்கோ. தலைக்கு டை அடிச்ச கையிலயும் கறை வரம்பில ஒட்டி நிண்டு பயம் காட்டும், ஒரு கேள்வி கேட்டாப் போதும். சந்தேகம் தீராட்டி ஸ்கோப்போட மல்லுக்கட்டாம போதனா வைத்தியசாலை தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதி அனுப்புங்கோ, துண்டு வெட்டி லாபில பாக்கிற பயொப்சிதான் கடைசித் தீர்ப்பு.

இந்தச் சாமான் எதுவும் செய்யாத வேலையையும் தெரிஞ்சிருக்கவேணும், இல்லாட்டி காசு குடுத்த பிறகு கோவம் வரும். வெள்ளைத் தழும்போட வாற ஆளுக்குத் தேமலோ, வெண்புள்ளியோ, தொழுநோயோ எண்ட கேள்விக்கு பொலரைஸ் லைற் முடிவு சொல்லாது. தொழுநோய்க்குப் பஞ்சுத் துண்டால தொட்டு உணர்ச்சி பாக்கிறதும் நரம்பு தடவிப் பாக்கிறதும்தான் முதல் வேலை, அதுக்கு ஒரு சதமும் தேவையில்ல. வெண்புள்ளிக்கு 365 நனோமீற்றர் யூவி வெளிச்சம் தாற வூட்ஸ் லைற் போதும், மலிவு, இருட்டறை மட்டும் வேணும். ஆறாம இருக்கிற நோகாத புண் எண்டா மணல் ஈ கடிச்சு வாற லீஷ்மானியா ஒட்டுண்ணி நோயையும் நினையுங்கோ. இலங்கையில உள்ளூரில தொத்தின முதல் ஆள் 1992இல பதிவானது, வேற நாடுகளில உள்ளுறுப்பைப் பிடிக்கிற அதே டொனொவானி இன ஒட்டுண்ணி இஞ்ச பெரும்பாலும் தோலோட நிக்குது. ஸ்கோப்பில மஞ்சள் துளி மாதிரி அடைபட்ட மயிர்த்துவாரமும் சுத்திவர வெள்ளைக் கதிர்களும் தெரியலாம், அது சந்தேகத்தைக் கூட்டும், உறுதிப்படுத்த சுரண்டி எடுத்து மைக்கிரோஸ்கோப்பில பாக்கவேணும்.

இப்ப போன் ஏற்பாடு. எனக்கு இதிலதான் கூட விருப்பம், கனபேர் இதை விளையாட்டு எண்டு தள்ளிவிடுகினம், அது பிழை. ஸ்கோப் ஒரு சதக் குத்தி அளவு இடத்தைத்தான் காட்டும், முகம் முழுக்க மங்கு, முதுகு முழுக்கச் சொறிஞ்சு கறுத்த தோல், கால் முழுக்க எக்ஸிமா எல்லாம் மாத மாதம் ஒரே மாதிரிப் படம் எடுத்து வச்சாத்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு தெரியும். டவுனில போன் திருத்துற கடைப் பொடியளிட்ட எல்சீடிக்குப் போடுற பொலரைசர் சீட் கிடைக்கும், மருத்துவக் கொம்பனி பேர் அடிச்சு விக்கிறதை விட மலிவு. ஒரு துண்டு தனியா வைக்கிற எல்ஈடி லைற்றுக்கு, ஒரு துண்டு போன் லென்ஸுக்கு. திசை பிடிக்கிறது லேசு, ரெண்டு துண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு மெல்லச் சுத்த ஒரு இடத்தில கறுத்து மூடும், அந்தக் கோணத்தைப் பேனையால குறிச்சுப்போட்டு ஒட்டுங்கோ. பிறகு மூக்கு நுனியை, இல்லாட்டி எண்ணெய் பூசின கையைப் பாருங்கோ, மினுக்கம் முழுக்கச் செத்திருக்கவேணும், செத்தில்லை எண்டா கோணம் பிழை, இல்லாட்டி போனின்ர சொந்த பிளாஷ் எரிஞ்சு வெளிச்சம் சீட்டுக்கு வெளியால வருது. சீட்டை லைற்றில முட்ட வைக்காதேங்கோ, சூட்டில சுருங்கும், கொஞ்சம் இடைவெளி விடுங்கோ.

மலிவுச் சீட்டில ஒரு குறை இருக்கு, குறுக்கா வச்சாலும் ஊதாப் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் கசியும், படம் ஊதாப் பூத்த மாதிரி வரும், அதால ஒவ்வொரு முறையும் சாம்பல் அட்டை ஒண்டைப் பக்கத்தில பிடிச்சு வெள்ளைச் சமநிலையை லொக் பண்ணுங்கோ. வெளிச்ச அளவையும் லொக் பண்ணவேணும், விட்டா போன் தானா எங்கட நிறத்தை வெளுப்பாக்கிப்போடும், அழகுக் கமரா செட்டிங் இருந்தா அதுவும் பருவை எல்லாம் மெழுகி விடும். தூரத்துக்கு ஒரு நூலோ தடியோ கட்டி வச்சிருங்கோ. நோயாளியிட்டக் கேட்டு சம்மதக் கையெழுத்து வாங்கிப்போட்டு எடுங்கோ, முகம் எண்டா இன்னும் கவனம். நெடுந்தீவில, அனலைதீவில இருக்கிற ஆளை குறிகட்டுவானுக்குப் படகேறி வரப்பண்ணாம அங்க இருக்கிற டொக்டர் படம் எடுத்து அனுப்பிக் கேக்கலாம் எண்டா அதுக்கு இந்த ஏற்பாடு பொன்னான சாமான், ஆனா வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பாம டொக்யுமென்ராக அனுப்பச் சொல்லுங்கோ, போட்டோவா அனுப்பினா அமத்திச் சுருக்கி விளிம்பெல்லாம் சிதைஞ்சு வரும்.

ஒரு படி மேல போக ஆசைப்படுற பொடியளுக்கு இதையும் சொல்லுறன். ஸ்டீவன் ஜக்ஸ் எண்டவரும் கூட்டாளிகளும் 2000இலயும் 2002இலயும் எழுதின முறையில, ஒரே திசைப் படத்திலயிருந்து குறுக்குத் திசைப் படத்தைக் கழிச்சு, ரெண்டின்ர கூட்டலால பிரிக்கிறது. மெலனின் ரெண்டு படத்தையும் ஒரே விகிதத்தில இருட்டாக்கிறதால பிரிக்கேக்க அது வெட்டுப்பட்டுப் போகும், கறுப்பு மறு ஒண்டு அந்தப் படத்தில மறைஞ்சே போகும், மேற்பகுதியின்ர அமைப்பு மட்டும் மிஞ்சும். புற்றின்ர விளிம்பு எங்க முடியுது எண்டு தேட இது உதவும் எண்டதுதான் அவையின்ர எண்ணம். எங்கட நிறத்துக்கு எவ்வளவு பொருத்தமான யோசனை பாருங்கோ! ஆனா போன் தாற சாதாரண ஜேபெக் படத்தில இந்தக் கணக்குச் சரிவராது, அதில வெளிச்ச அளவு நேர்விகிதத்தில இல்ல, போன் மெருகேத்தாத றோ படம் எடுக்கவேணும், ரெண்டு படத்துக்கும் இடையில ஆள் அசையக்கூடாது. மருத்துவபீட மாணவர் ஆராய்ச்சிக்கு நல்ல தலைப்பு, கிளினிக்கில இப்பத்தைக்கு வேண்டாம்.

அழகு நிலையங்களில முகத்தை உள்ள விட்டுப் படம் எடுக்கிற பெட்டி வச்சிருக்கினமே, அதிலயும் குறுக்குப் பொலரைஸும் யூவி லைற்றும்தான் வேலை செய்யுது, கன்பீல்ட் கொம்பனியின்ர விசியா அதில பேர்போனது. தரமான சாமான், பொய் இல்ல. ஆனா அது கபிலத்தையும் சிவப்பையும் பிரிச்சுக் காட்டி வாடிக்கையாளரைக் கிறீம் வாங்கப்பண்ணுற வேலைக்குத்தான் கூடப் பொருந்தும், அந்தக் காசில கன ஸ்கோப் வாங்கலாம். பேர் தெரியாத மலிவுப் பெட்டிகள் தோல் வயசு இத்தினை எண்டு இலக்கம் போட்டுக் காட்டுறதை நான் கணக்கில எடுக்கிறேல்ல.

பெரிய மெசின்களைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். கொன்போக்கல் மைக்கிரோஸ்கோப் 830 நனோமீற்றர் லேசரை விட்டு கால் மில்லிமீற்றர் ஆழம் வரைக்கும் ஒவ்வொரு கலமாக் காட்டும், வெட்டாமலே பயொப்சி பாத்த மாதிரி, உள்ளுக்க அதுவும் பொலரைசர் வச்சுத்தான் வீண் தெறிப்பை விலத்துது. வெளிச்சத்தால தோலை ஸ்கான் பண்ணுற பொலரைஸ் ஓசீரி மெசின் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் ஆழம் போகும், எரிகாயத்தில கொலாஜன் வெந்து ஒழுங்கு குலைஞ்சிட்டுதோ எண்டு பாக்கக்கூடியது. விலை கேட்டா வளவு விக்கவேணும், பழுதானா திருத்த ஆள் கடல் தாண்டி வரவேணும், படத்தை வாசிக்கப் பழகவும் மாசக்கணக்கு. பல்கலைக்கழகம் கூட்டாச் சேந்து வாங்கிறதெண்டா வாங்கட்டும். பதோலஜி லாபில இருக்கிற மைக்கிரோஸ்கோப்பில ரெண்டு பொலரைசர் சொருகி, கொங்கோ ரெட் சாயம் போட்ட தோல் துண்டில, அமிலொயிட் எண்டு தோலுக்க படியிற புரதத்தைப் பச்சையா மினுங்க வச்சுப் பாக்கிறது எவ்வளவோ காலமா நடக்குது எண்டதையும் மறக்காதேங்கோ, பீர்க்கம் தும்பால முதுகு தேச்சுத் தேச்சு கறுத்துப்போய் வாற ஆக்களுக்கு வேண்டியது அந்தப் பரிசோதனைதான்.

அப்ப ஸ்கோப்பில எதை எண்டு கேட்டா, டெர்ம்லைற்றோ ஹைனேயோ எந்தப் பிராண்டிலயும் ரெண்டு லைற்றும் மாறுற மொடல் எதுவும் சரி, மேல்மட்ட மொடல் ஆயிரம் டொலருக்கு மேல போகும், அதுக்குக் கீழயும் இருக்கு. பேர் இல்லாத யூஎஸ்பி மைக்கிரோஸ்கோப் ஆயிரம் மடங்கு பெருப்பிக்கும் எண்டு விக்கினம், பொலரைசர் இல்ல, எல்ஈடிகள் தோலில வட்டமாத் தெறிச்சு நிக்கும், அது வேண்டாம். உள்பற்றரி வச்சதா எடுத்தா கரண்ட் போனாலும் ஓடும், மாரியில லென்ஸில பூஞ்சணம் பிடிக்காம சிலிக்கா ஜெல்லோட மூடின டப்பாவுக்க வையுங்கோ.

வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் கொண்டு வாற பழைய சாமான் எண்டா வாங்க முதல் ரெண்டு சோதனை. சில்வர் கரண்டி ஒண்டைப் பொலரைஸில பாருங்கோ, எல்ஈடியின்ர தெறிப்பு முழுக்க இருண்டு போகவேணும், ஒரு மூலையில மட்டும் மினுங்கினா உள்ள சீட் வெந்தோ விலகியோ போச்சு. பிறகு பட்டனை அமத்தி உங்கட உள்ளங்கையைப் பாருங்கோ, ரெண்டு லைற்றிலயும் ஒரே மாதிரி மினுங்கினா மாறுற வேலை செய்யேல்ல, ஆர் சொன்னாலும் காசைக் குடுக்காதேங்கோ.